கப்பலேறும் சாமானுக்குப் பொட்டு

பிசின் புகை. சூட்டுக்கோலின் நுனியில் ஈயம் உருகும்போது நூலாகக் கிளம்பி மூக்கில் ஏறும், கோயிலா பட்டறையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அந்த வாசம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடையில் நின்றிருந்தேன். கடைத்தம்பி என் போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, “இதெல்லாம் இப்ப நம்ம பக்கத்துப் புள்ளைக செய்யிறதுதான்க்கா. இங்கேருந்து அமெரிக்காவுக்கே போகுது” என்றான், தானே கப்பலேற்றி அனுப்பியவனைப் போல. உண்மைதான். ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று இப்போது தெருவுக்கு ஒரு பெண் கம்பெனியில் இருக்கிறாள். ஆனால் நான் அந்தப் புகைக்குள் போய்விட்டேன். அங்கே விராலிமலை இருந்தது, நெடுஞ்சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது, கொட்டகைக்குள் என் அத்தை இருந்தாள்.

அப்பாவின் தங்கை. மதுரையில் வாக்கப்பட்டவள். அடி தாங்காமல் ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சின்னப் பிள்ளையான எனக்கு அது அப்போது தெரியாது. லீவுக்கு வந்திருக்கிறாள், அவளுக்கு மட்டும் லீவு முடியவே மாட்டேன் என்கிறது என்று பொறாமையோடு நினைத்துக்கொண்டிருந்தேன். “வேலை இருக்க மட்டும் இருக்கட்டும். அது இல்லாட்டி மதுரைக்குக் கொண்டுபோயி விட்டுர வேண்டியதுதான். ஊரு வாயை நம்மளால மூட முடியாது” என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். அத்தை காதில் விழும்படிதான் சொல்வார்.

கொட்டகையில் அவளுக்கு வேலை, டிரான்ஸ்பார்மர் சுற்றுவது. கட்டைவிரல் அளவு இரும்பு, அதன்மேல் மயிரிழைச் செம்புக் கம்பி, காலாக நாலைந்து ஊசிகள். மெட்ராஸ் கம்பெனி ஒன்று வாங்கி எதற்குள்ளோ வைக்கும். கம்பி அறுந்தால் முதலிலிருந்து சுற்ற வேண்டும் என்பதால் பெண்கள் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருஷம்தான் முதன்முதலாக அந்தக் கம்பெனி சாமானை அப்படியே வெளிநாட்டுக்குக் கப்பலேற்றப் போகிறது என்று பேச்சு வந்தது. அதே நேரம் பார்த்து ஆயுத பூஜையும் வந்தது.

பொரிக்கு ஆசைப்பட்டு நானும் போயிருந்தேன். சுற்றும் மிஷின்களுக்குச் சந்தனம், தராசுக்குச் சந்தனம், முதலாளியின் ஸ்கூட்டருக்கு மாலை. எல்லாம் முடிந்த பிறகு முதலாளியின் கண் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்த சாமான்மேல் போனது.

“கப்பலேறப் போறதுகள வெறும் நெத்தியா அனுப்புறதா? எல்லாத்துக்கும் பொட்டு வைங்கம்மா” என்றார்.

சந்தனக் கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்ள, பெண்கள் தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தார்கள். நெற்றி எது என்று ஒரு சின்னத் தகராறு வந்து, ஊசி இருக்கிற பக்கம்தான் முகம் என்று முடிவாயிற்று. “மாமியா வீட்டுக்குப் போறாளுக, நல்லா சோடிங்கடி” என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது. அத்தை மட்டும் குனிந்து அடுத்த தட்டை இழுத்தாள். அவ்வளவு அழகான இரும்பை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மறுநாளும் பள்ளிக்கூடம் லீவு. மீதிப் பொரிக்காகப் போனேன். லாரியில் ஏற்றுமுன் சோதிக்க மெட்ராஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அவர் நெற்றியிலும் சந்தனம்தான். ஒன்றை எடுத்தார், திருப்பினார், இன்னொன்றை எடுத்தார்.

“யாரும்மா இதை வெச்சது? ஊசியில சந்தனம் பட்டா ஈயம் ஒட்டாது. ஈரம் உள்ள எறங்கினா துரு. இப்படியே போனா மொத்தமும் திரும்பி வரும், தெரியுமா?”

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். பெண்கள் முதலாளியைப் பார்த்தார்கள். விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

“நாந்தாங்க” என்றாள் அத்தை.

பிறகு ஸ்பிரிட் வந்தது, பல்தேய்க்கும் பிரஷ்கள் வந்தன, நான் பஞ்சு கிழித்துக் கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் எல்லாப் பொட்டும் அழிந்தது. மெட்ராஸ்காரர் கோபம் ஆறி, பொரியை அள்ளிப் போட்டுக்கொண்டு அத்தையின் அருகில் வந்து நின்றார். “கை நல்லா ஓடுதேம்மா. மெட்ராஸ்ல எங்க கம்பெனிக்குப் பொண்ணுங்க எடுக்கறாங்க. ஹாஸ்டல்கூட இருக்கு” என்றார். அத்தை பிரஷை நிறுத்தாமலே, கம்பெனி எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டாள்.

லாரி போனது. முதலாளி மெதுவாக வந்தார்.

“தப்பா நெனைக்காத தாயி. பொட்டு வச்ச புள்ளைய வேலையவிட்டு நிறுத்தியாச்சான்னு நாளைக்கு மெட்ராஸ்லேருந்து கேப்பாங்க. நான் என்ன சொல்ல?”

“நிறுத்தியாச்சுன்னு சொல்லுங்க” என்று அத்தை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள்.

வேலை போனது அன்றே வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. மெட்ராஸ்காரர் சொன்னதை அத்தை அப்பாவிடம் ஒரே ஒருமுறை சொன்னாள். “தனியா மெட்ராசா? ஒரு பொம்பளப் புள்ளையா?” என்று கேட்டார் அப்பா. பிறகு, “காலையில மதுரைக்குப் போறோம்” என்றார்.

காலையில் அப்பாவும் அத்தையும் நானும் விராலிமலை பஸ் ஸ்டாப்பில் நின்றோம். எங்கள் பக்கம் மதுரை பஸ் நிற்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் திருச்சி பஸ். மெட்ராஸ் போகிறவர்கள் திருச்சி போய் மாறிக்கொள்வார்கள். அப்பா திடீரென்று அத்தையின் பையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு டீக்கடைக்குள் போனார். ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மதுரை பஸ் ஒன்று வந்து நின்று போயும் அவர் திரும்பவில்லை. அவ்வளவு சூடாகவா டீ கொடுப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அத்தை என் கையை விட்டாள். ஒரு லாரிக்கு வழிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, ரோட்டைக் கடந்தாள். தூரத்தில் திருச்சி பஸ் வருவது தெரிந்தது. படித்த பெரிய மனுஷி பக்கம் தெரியாமல் போய் நிற்கிறாளே என்று எனக்குப் பதறியது.

“அத்தை! மதுரை பஸ்ஸு இங்கிட்டுல்ல நிக்கும்!” என்று கத்தினேன்.

“தெரியும் ஆத்தா. நீ அப்பாவோட அங்கிட்டே நில்லு.”