ஜிங்க் பேஸ்ட்டும் பேச்சியம்மாள் பத்தியமும்

1. வரிசையில் விழுந்த பழி

“டாக்டரம்மா, இவ சொல்றத நம்பாதீக. வீட்ல களவாத் தின்னுட்டு இங்க வந்து பொய் சொல்லுறா.”

பாலவனத்தம் கிராமத்தில் வெள்ளாமை செய்யும் சம்சாரி ஒருவர் தன் மனைவியைப் பற்றி, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி இப்படிச் சொன்னார். அவள் பெயர் பேச்சியம்மாள். இடுப்பில் ஒன்றரை வயது ஆண் பிள்ளை. பிள்ளையின் கன்னமும் முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் சிவந்து, வெடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தன. பிறாண்டக் கூடாதென்று இரண்டு கையிலும் துணிப்பை கட்டியிருந்தாள். பையோடு சேர்த்துத் தேய்த்ததில் பையிலும் ரத்தக்கறை.

யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாத காலம் அது. அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ‘புருஷன் சொல்வது சரிதான்’ என்று தலையாட்டினேன். அன்றைக்கு நான் தலையாட்டியது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும்.

2. டாக்டரம்மாவின் நோட்டு

எங்கள் டாக்டர் எஸ்தர் அம்மா திருச்சுழிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், மதராசில் படித்தவர். அந்தப் படிப்புக்கு எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம். கருவேலங்காட்டுக்கும் கரிசல் புழுதிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். நான் பார்த்த டாக்டர்களில் ‘எனக்குத் தெரியாது’ என்று நோயாளியிடமே கூச்சமில்லாமல் சொன்னவர் அவர் ஒருவர்தான். தெரியாததையெல்லாம் ஒரு தடித்த நோட்டில் எழுதிவைப்பார். தேதி, பிள்ளை தின்றது, தாய் தின்றது, அரிப்பு கூடியதா குறைந்ததா, எல்லாம் அதில் இருக்கும்.

பிள்ளைகளுக்கு வரும் இந்த நோயை ஊரில் கரப்பான் என்பார்கள். பால்குடிப் பிள்ளைக்கு நோய் வந்தால் தாய்க்குத்தான் பத்தியம். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை, சோளம், கம்பு எல்லாமே ‘கரப்பான் பண்டம்’ என்று தள்ளிவிடுவார்கள். மானாவாரிக் காட்டில் இவ்வளவையும் தள்ளினால் மிச்சம் என்ன இருக்கிறது? பேச்சியம்மாள் ஆறு மாதமாகச் சோறும் உப்பும் மிளகுத் தண்ணியும்தான். கன்னம் ஒட்டி, தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பாலும் வற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையும் இளைத்துக்கொண்டே போனான்.

டாக்டரம்மா பத்தியத்தைக் கேலி செய்யவில்லை. “இதுல உண்மையும் இருக்கும், பயமும் இருக்கும். ரெண்டையும் பிரிக்கணும் தங்கராசு” என்று என்னிடம் சொன்னார். உடம்புக்குக் காவல்காரன் ஒருவன் உண்டு, திருடனை விரட்டுவது அவன் வேலை, சில பிள்ளைகளுக்கு அவன் விருந்தாளியையும் திருடன் என்று அடிக்கப் போய்விடுகிறான் என்பார். அலர்ஜி என்ற சொல்லை அவர் வாயால்தான் நான் முதலில் கேட்டேன்.

யாரை அடிக்கிறான் என்று கண்டுபிடிக்கத் தோலில் லேசாகக் கீறி, சந்தேகப்பட்ட பண்டத்தின் பொடியை உப்புத் தண்ணீரில் குழைத்துத் தடவுவார். கால் மணி நேரம் பார்ப்பார். ஆகாத பண்டமென்றால் அந்த இடம் கொசு கடித்த மாதிரி தடிக்கும். பிள்ளைக்கு மூச்சு முட்டினால் உடனே போட, பக்கத்தில் அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும். ஊசியை நான் நிரப்பி வைக்காமல் அவர் கீறலே போடமாட்டார்.

பேச்சியம்மாள் பிள்ளைக்கு அரிசி, பருப்பு, கடலை, கருவாடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றும் தடிக்கவில்லை. ரேஷனில் கொடுக்கிறார்களே என்று கோதுமையையும் பார்த்தார். அதுதான் தடித்தது. காலணா அகலத்துக்குத் தடித்தது.

“எங்க வீட்ல கோதுமையா? அதத் திங்கத் தெரியாம மாட்டுக்குல்ல கரைச்சு ஊத்துனோம்” என்றாள் பேச்சியம்மாள். அதற்குத்தான் புருஷன் அந்தப் பழியைப் போட்டார்.

3. என் கைத்திறமை

இங்கே என் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். கரப்பானுக்கு நாங்கள் கொடுத்தது ஜிங்க் பேஸ்ட். ஜிங்க் ஆக்சைடு, ஸ்டார்ச், வாசலைன், மூன்றையும் பீங்கான் தட்டில் போட்டுக் கட்டியில்லாமல் தேய்க்க வேண்டும். யுத்தம் முடிந்தும் கப்பல் சரக்கு சீராகாமல் ஸ்டார்ச் வருவது நின்றுபோனது. டாக்டரம்மா கவலைப்பட்டார். நான் கவலைப்படவில்லை. நான் நெசவாளர் தெருக்காரன். பாவுக்குக் கஞ்சி போடுகிற வீட்டில் பிறந்தவனுக்கு மாவு தெளிய வைக்கச் சொல்லித்தரவா வேண்டும்?

ரேஷன் கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை இறுத்து, அடியில் படிந்த மாவை வேட்டியில் பரப்பிக் காயவைத்தேன். மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. “ஸ்டார்ச் தயார் பண்ணிட்டேம்மா” என்றேன். வேலை நெருக்கத்தில் அவர் “நல்லது” என்றார். எதில் செய்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படிக்கிற உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரிய நாலு மாதம் ஆனது. தன் கண்ணில் உத்தரம் கிடக்க அடுத்தவன் கண்ணில் துரும்பைத் தேடுவது என்று டாக்டரம்மாவின் வேதத்தில் இருக்கிறது. அந்த உத்தரத்தை அழகாகச் சலித்து டப்பாவில் அடைத்து ஊருக்கே கொடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

4. கருவாட்டுக் குழம்பு

பழி விழுந்த அன்றைக்கு டாக்டரம்மா மூவரையும் உள்ளே கூப்பிட்டார். நானும் போனேன். போனது மட்டுமல்ல, யோசனையும் சொன்னேன்.

“அம்மா, பிள்ளைய மட்டும் இங்க வச்சுக்கிட்டு, தாயி பாலை நிப்பாட்டிப் பாப்போம். ஒரு மாசத்துல தெரிஞ்சுரும்.”

பேச்சியம்மாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். “பிரிச்சா செத்துருவான் ஐயா. இவன் எங்கிட்ட மட்டுந்தான் சோறு திங்கிறான்.”

புருஷன் ‘சரி’ என்றார். டாக்டரம்மாவும் அரை மனதாகச் சம்மதிக்கும் நிலையில் இருந்தது எனக்குத் தெரிந்தது. பிள்ளை அவ்வளவு மோசமாக இருந்தான். ஆனாலும் பேனாவைத் திறந்து, பேச்சியம்மாளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

“ஆறு மாசத்துல ஒரு நாளாச்சும் பத்தியம் மீறுனியாம்மா? யாரும் வையமாட்டாக. சொல்லு.”

அவள் தலை குனிந்தாள். “மீறுனேன். பங்குனிப் பொங்கலுக்குத் திருச்சுழிப் பக்கம் எங்க ஆத்தா வீட்டுக்குப் போனேன். எட்டு நாளு. ஆத்தா கருவாட்டுக் கொழம்பு ஊத்துச்சு. பசி பொறுக்க முடியல. தெனமும் தின்னேன்.”

“பாத்தீகளா, பாத்தீகளா” என்றார் புருஷன். நானும் பெருமூச்சு விட்டேன், கேஸ் முடிந்தது என்று.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தவில்லை. “அந்த எட்டு நாளும் பிள்ளை எப்படி இருந்தான்?”

அவள் யோசித்தாள். அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. “நல்லா இருந்தான் டாக்டரம்மா. கைப்பையக் கழட்டிக்கூட விட்டேன். இன்னொரு தப்பும் பண்ணிட்டேன். மருந்து டப்பாவ வீட்லயே மறந்துட்டுப் போயிட்டேன். எட்டு நாளும் பூசல.”

“மருந்தே பூசாம, டாக்டர் என்ன பண்ணுவாங்க?” என்று ஆரம்பித்தேன். டாக்டரம்மா கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

“ஐயா, தின்னதத் தின்னேன்னு தானாச் சொல்லுற பொண்ணு, தின்னாததத் தின்னலைன்னு சொன்னா நாம நம்பணும்.”

என்னிடம் திரும்பினார். “தங்கராசு, இந்தப் பிள்ளை வந்த முதல் ரெண்டு மாசம் தேறியிருக்கான். அப்புறம்தான் கூடியிருக்கு. பேஸ்ட்டுக்கு நீங்க மாவு தயார் பண்ண ஆரம்பிச்சது எப்ப?”

சொன்னேன்.

“எதுல பண்ணுனீங்க?”

பிள்ளை பையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “கோதுமையிலம்மா” என்றேன்.

5. மூன்று கீறல்

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “பாத்துருவோம்” என்று மட்டும் சொன்னார். பிள்ளையின் முதுகில் நல்ல தோலாகப் பார்த்து மூன்று கீறல். ஒன்றில் என் மாவு, ஒன்றில் அரிசி மாவு, ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர். அதே மூன்றையும் என் கையிலும் போட்டார். எல்லாருக்கும் தடிக்கிற மாவா, இவனுக்கு மட்டும் தடிக்கிற மாவா என்று தெரிய வேண்டுமாம். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கையில் ஒன்றுமில்லை. பிள்ளையின் முதுகில் என் மாவு வைத்த இடம் மட்டும் எழும்பி வந்தது.

“பால் பிழிஞ்சு தெளிய வச்சாலும் மாவுல கோதுமையோட பசை முழுசாப் போகல. வெடிச்ச தோலுல தினம் ரெண்டு வேளை தேச்சிருக்கோம். உடம்பு இதை எதிரின்னு தோல் வழியாவே கத்துக்கிட்டுதோ என்னமோ. எனக்குத் தெரியாது” என்றார். அதையும் கேள்விக்குறி போட்டு நோட்டில் எழுதினார். பழைய டப்பாக்களை எல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டோம். புது பேஸ்ட்டை அரிசி மாவில் செய்தேன். பிள்ளைக்குத் தடவுவதற்கு முன்னால் அதையும் கீறிப் பார்த்தார்.

மூன்று வாரத்தில் கன்னம் காய்ந்தது. நோய் அடியோடு போய்விடவில்லை, அப்படிச் சொன்னால் பொய். பனிக்காலத்தில் மடிப்புகளில் வந்துபோகத்தான் செய்தது. பிறவியிலேயே அவன் தோல் அப்படி. ஆனால் கைப்பை போனது, சதை பிடித்தது.

நோட்டில் அன்றைய பக்கத்தை நான் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். ‘கம்பவுண்டர் செய்த தவறு’ என்று இருக்கும் என்று பயந்தேன். ‘நாம் கேட்காமல் விட்டது’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது அழுகை வந்தது. எனக்கு மேலே எத்தனையோ அதிகாரிகள் இருந்திருக்கிறார்கள். அந்த ‘நாம்’ என்ற சொல்லை எழுதியவர் அவர் மட்டும்தான்.

ஆனாலும் ஒன்றில் அவர் என்னை விடவில்லை. “பழி வரிசைக்கு முன்னால விழுந்துச்சு. வரிசைக்கு முன்னாலதான் எடுக்கணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றார்.

நானே சொன்னேன். பேச்சியம்மாள் அடுத்த முறை வந்தபோது ஜன்னலை விட்டு வெளியே வந்து, அவள் புருஷனும் ஊர்க்காரர்களும் நிற்க, “இந்தம்மா பொய் சொல்லல. குத்தம் இவுக சோத்துல இல்ல, நான் குடுத்த டப்பாவுல இருந்துச்சு. என்ன மன்னிச்சுக்கம்மா” என்றேன். புருஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டரம்மாவைப் பார்த்து, மெதுவாக, பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அப்ப நான் வகுறு நிறையத் திங்கலாமா?”

“கோதுமைய மட்டும் பிள்ளைக்குக் குடுக்காத. நீ கருவாடு தின்னு, கத்தரிக்கா தின்னு, கடலை தின்னு” என்றார் டாக்டரம்மா. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் மருந்து கலக்கினேன். மருந்துக்கு நோய் கேட்கவில்லை என்று யார் வந்து சொன்னாலும், ‘என்ன தின்னீங்க’ என்று நான் முதலில் கேட்டதில்லை. முதலில் என் டப்பாவைத் திறந்து பார்ப்பேன்.