கம்பத்துக்குக் கட்டிய காப்பு

இருசப்பன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொய் சொன்னவனெல்லாம் கெட்டவன் என்றால் ஊரில் யாரும் மிஞ்ச மாட்டோம்.

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் சாலையில் போய், காட்டுப் பாதையில் திரும்பி, பேருந்து நிற்கும் வளைவிலிருந்து அரை மணி நேரம் ஏறினால் கருங்காலிப்பட்டி. முப்பத்திரண்டு வீடுகள். கரண்ட் கம்பி மலையடியோடு நின்றுவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து, பாறைமேல் சோலார் தகடுகளைப் பரப்பி, பக்கத்தில் ஓர் உயரமான இரும்புக் கம்பத்தில் காற்றாடியும் வைத்தார்கள். வெயில் அடித்தால் தகடு, காற்று அடித்தால் காற்றாடி. இரண்டும் சேர்ந்து ஒரு சின்ன அறைக்குள் இருக்கும் பேட்டரிகளை நிரப்பும். வீட்டுக்கு இரண்டு பல்பு, ஒரு ஃபேன், போனுக்கு சார்ஜ். மண்ணெண்ணெய்க்குக் கொடுத்ததைவிடக் கம்மியான செலவு. மிக்சி மட்டும் முறை வைத்துத்தான். கிழக்குத் தெரு சட்னி அரைத்த பிறகுதான் மேற்குத் தெரு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டவன் இருசப்பன். கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். சரோஜாவைக் கட்டிக்கொண்டு இந்த ஊரோடு வந்துவிட்டவன். மோட்டார் ரிப்பேர் தெரிந்தவன் என்று பத்து நாள் பயிற்சி கொடுத்து அவனிடமே சாவியைக் கொடுத்தார்கள்.

முதல் மாதமே தலைவலி. கம்பத்தில் ஆட்டைக் கட்டினார்கள். இழுத்துக் கட்டிய கம்பியில் பாவாடையைக் காயப்போட்டார்கள். மண்டை ஓடு போட்ட அபாயப் பலகையில் யாரோ துடைப்பத்தை மாட்டி வைத்தார்கள். கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். ஒரு நாள் இருசப்பன் நூலை மஞ்சளில் நனைத்து, வேப்பிலை செருகி, கம்பத்துக்கும் அறைக்கும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினான். "மாரியாத்தா கனவுல வந்து காப்பு கட்டச் சொன்னா. இதைத் தாண்டி எவனாவது கை வெச்சா கண்ணு போயிடும்" என்றான்.

அவ்வளவுதான். அன்றைக்கு எடுத்த கை, அப்புறம் ஒருத்தர் கையும் அந்தப் பக்கம் நீளவில்லை. பூசாரி ஆதிமூலம் மட்டும் வந்து கேட்டார்.

"கட்டினது யாருடா, நீயா?"

"நான்தாங்க."

"அப்ப தொடறதும் நீதான், அவுக்கறதும் நீதான். அது வரைக்கும் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. தெரியுமில்ல?"

தலையை ஆட்டினான். உள்ளுக்குள் சிரித்தும் கொண்டான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம் என்று அப்போது தெரியவில்லை.

இந்த வருடம் மகள் கவியாவை ஒன்பதாவது சேர்க்க சரோஜா டவுனுக்கு இறங்கினாள். ரமணாசிரமம் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. மாடியில் ஓர் அறை. இருசப்பன் காலையில் போவான், பெண்டாட்டி பிள்ளை முகத்தைப் பார்ப்பான், பொழுது சாய்வதற்குள் ஓடி வருவான். கவியா ஒருமுறை கேட்டே விட்டாள்: "யப்பா, நீ எங்க வீட்டுக்கு விருந்தாளியா?"

ஆடி பிறந்ததும் சரோஜா போன் செய்தாள். "இன்னாங்க, இங்க மொட்டை மாடியில சோலார் போட்டிருக்காங்க. பாத்துக்க ஆள் வேணுமாம். உன்னைச் சொல்லியிருக்கேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள வந்து நிக்கணும். இல்லாட்டி வேற ஆளு. இதுக்கு மேல நான் தனியா கெடக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

இருசப்பன் வீடு வீடாகப் போனான். யாராவது வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். மேற்குத் தெருக் கடைசி வீட்டு ஜோதியம்மாளிடமும் கேட்டான். மிக்சி முறை அவளுக்குத்தான் கடைசி. அதற்காகத் தினமும் பாறையோரம் வந்து நின்று, அறைக்குள் பச்சை விளக்கா சிவப்பு விளக்கா என்று எட்டிப் பார்ப்பவள்.

"உனக்குத்தான் பாதி வேலை தெரியுதே, தங்கச்சி!"

"பாக்கறது வேற, தொடறது வேற, அண்ணா. எனக்கு ரெண்டு கண்ணும் வேணும். வெங்காயம் அரியணும்."

வேறு வழியில்லாமல், புதன்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டான். கனவும் இல்லை, ஆத்தாளும் வரவில்லை, ஆட்டுக்கும் பாவாடைக்கும் பயந்து நான் கட்டிய வெறும் நூல் என்றான். சொன்னதோடு நிற்காமல் போய் அதை அவிழ்த்தும் காட்டினான்.

ஜனம் அடிக்க வரும் என்று நினைத்தான். யாருக்கும் கோபமே வரவில்லை. ஆதிமூலம் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நீ பொய்யாத்தான் கட்டியிருப்பே. அவ நெசமா வந்து உக்காந்துட்டா. மூணு வருசம் விளக்கு எரிஞ்சதா இல்லையா?"

அவன் போதாத காலம், இரண்டு நாளாக மூடிய வானம். காற்றும் துளி அசையவில்லை. அன்றைக்கு மத்தியானமே பேட்டரி இறங்கி ஊர் முழுக்க ஃபேன் நின்றது. வெயில் இல்லை, காற்று இல்லை, அதனால் நின்றது என்று தொண்டை வறளச் சொன்னான். அவர்கள் அவன் வாயைப் பார்க்கவில்லை, கையிலிருந்த நூலைப் பார்த்தார்கள். பொழுது சாய, ஆதிமூலம் புது நூலோடு வந்து நின்றார்.

"கட்டுடா, இருசப்பா."

கட்டினான். வேறென்ன செய்வான்? மறுநாள் வெயில் வந்தது, கரண்டும் வந்தது. முடிச்சு இன்னும் இறுகிப்போனது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். சாவியைக் கோயில் படியில் வைத்தான். தடுத்தால் சண்டை போடலாம் என்று பதில்களெல்லாம் சேர்த்து வைத்திருந்தான். ஒருவரும் தடுக்கவில்லை. வாசல் வாசலாக நின்று பார்த்தார்கள். "சாப்ட்டியா, அண்ணா?" என்று மட்டும் ஜோதியம்மாள் கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு வேகமாக இறங்கினான்.

வளைவில் பேருந்து வந்து நிற்கவும் மேலிருந்து காற்று இறங்கவும் சரியாக இருந்தது. ஆடிக் காற்று. மரமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தான். பாறைமேல் காற்றாடி வெறி பிடித்ததுபோல் சுற்றியது. இந்த வேகத்துக்கு அதன் வாலை மடக்க வேண்டும். மடக்கினால்தான் முகம் திரும்பி வேகம் தணியும். இல்லையென்றால் இறக்கை பிய்த்துக்கொண்டு வீடுகளின்மேல் விழும். வாலை மடக்குகிற கைப்பிடி கம்பத்தின் அடியில் இருக்கிறது, நூலுக்கு உள்ளே.

"ஏறுப்பா, இன்னா காத்து வாங்கறியா?" என்றார் கண்டக்டர்.

இருசப்பன் வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினான். கண்டக்டரையா, ஊரையா, தன்னையா, அவனுக்கே தெரியாது. பிறகு மேலே ஓடினான்.

கைப்பிடியைச் சுற்றி வாலை மடக்கிவிட்டான். ஆனால் அதைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்துபோயிருந்தது. விட்டால் திரும்பச் சுழன்றுவிடும். காற்று தணிகிறவரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஊரே தூரத்தில் நின்று கும்பிட்டது. வெயில் ஏறிய பிறகு சட்டைப் பையில் போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. பத்து மணி ஆகியிருக்கும்.

"சரோஜாதான்!" என்று கத்தினான். "யாராவது எடுங்களேன்!"

ஜோதியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள். "அண்ணி, அவரு கை ரெண்டும் வேலையா இருக்கு. புலிவாலைப் புடிச்சிக்கினு நிக்கறாரு" என்றாள். அந்தப் பக்கம் சரோஜா அழுதாளோ திட்டினாளோ, ஜோதியம்மாள் முகம் சுருங்கியது. "நீயே பேசு, அண்ணா" என்று அவன் காதோரம் நீட்டினாள்.

இருசப்பன் அவள் காலைப் பார்த்தான். நூலுக்கு உள்ளே நின்றிருந்தாள்.

"நான் பேசணும்னா நீ இதைப் புடிக்கணும்."

அவளும் குனிந்து தன் காலைப் பார்த்தாள். திரும்பி ஊரைப் பார்த்தாள். ஆதிமூலம் வாயைத் திறந்தார். "கம்முனு இரு, மாமா" என்றாள். ஒரு கண்ணை மூடித் திறந்தாள், மற்றதையும் மூடித் திறந்தாள். இரண்டும் தெரிந்தன. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவளையே ஒரு இழுப்பு இழுத்தது. "யம்மாடி!" என்றவள் காலை ஊன்றிக்கொண்டாள்.

அவன் போனைக் காதில் வைத்தான்.

"வரியா இல்லியா?" என்றாள் சரோஜா. "வேற ஆள வெச்சிட்டாங்க. அது போவட்டும். நீ வரியா இல்லியா?"

இருசப்பனுக்கு உள்ளங்கை எரிந்தது. ஜோதியம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அவள் பிடியை விடவில்லை.

"இன்னிக்கு வரேன். ராத்திரி அங்கியே படுத்துக்கறேன்" என்றான். "வேலைய அப்புறம் தேடிக்கலாம்."

"காத்து நின்னாத்தான், அண்ணா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் ஜோதியம்மாள்.