குலுக்கலை எடுத்த பிறகு

“நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இதுல அவரைக் காணோமுங்க.”

கொள்ளேகாலிலிருந்து வந்திருந்த செல்வி அம்மாள் இப்படிச் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. அந்த வீடியோவில் அவர் கணவர் முதலிலிருந்தே இல்லை. அதை எடுத்தவரே அவர்தான்.

பத்திரிகையில் புகைப்படக்காரனாக இருந்து ஓய்வு பெற்றபின், மைசூரு அக்ரஹாரத்தில் ஒரு மாடி அறையில் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். செல்வி அம்மாளும் மகள் காவ்யாவும் கொண்டுவந்தது பழைய போனில் எடுத்த சிறு துண்டு. சிறுமி காவ்யா சைக்கிள் பழகுகிறாள். அப்பா பின்னால் ஓடிக்கொண்டே எடுக்கிறார். அவர் இப்போது இல்லை. மறுநாள் காவ்யாவின் கல்யாண ரிசப்ஷனில் பெரிய எல்இடி திரையில் அதைப் போட வேண்டும். ஒலி தேறவில்லை, வெறும் காற்று இரைச்சல். படம் கண்டபடி ஆடியது.

“ஆட்டோல தொங்கிக்கிட்டு எடுத்த மாதிரி இருக்கு அங்கிள். சாப்பிட்டுட்டு வந்து பாக்குறவங்களுக்கு வாந்தி வரும்” என்றாள் காவ்யா.

ஆட்டத்தை நிறுத்த இரண்டு வழி உண்டு. ஆப்டிகல் என்றால், போனுக்குள் லென்ஸே நகர்ந்து கை நடுக்கத்தை ஈடுகட்டும். ஆட்டம் பதிவாவதற்கு முன்பே அடங்கிவிடும். டிஜிட்டல் என்றால், பதிவான படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரங்களை வெட்டி, ஒவ்வொரு ஃபிரேமையும் இழுத்து நேராக வைப்பது. பழைய போனில் முதலாவது கிடையாது. நான் இரண்டாவதைக் கம்ப்யூட்டரில் செய்தேன். சைக்கிள் தண்ணீரில் மிதப்பதுபோல் போயிற்று. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவரைக் காணோம் என்றார் அம்மாள்.

“அவர்தானேம்மா எடுத்தது. எப்படித் தெரிவார்?” என்றேன்.

“அவரு சிரிச்சாருன்னா தோளெல்லாம் குலுங்குமுங்க. புள்ள தடுமாறுறப்ப சிரிச்சிருப்பாரு. அந்தக் குலுக்கல் எங்கீங்க போச்சு?”

“சும்னிரம்மா” என்று கன்னடத்தில் அடக்கினாள் மகள். “அதை எடுக்கத்தானே இங்க வந்தோம்.”

கம்ப்யூட்டரில் செய்யும் டிஜிட்டல் வேலையில் ஒரு வசதி, அசல் அப்படியே இருக்கும். ஆட்டத்தை அடக்கும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். ஓடும் காலடிக்குத் தகுந்தபடி படம் மேலும் கீழும் போனது. சைக்கிள் வேலிப்பக்கம் சாய்ந்தது. அப்போது ஆட்டம் மாறியது. சின்னதாக, வேகமாக, விட்டுவிட்டு.

காவ்யா திரையைத் தொட்டாள். “இங்க அப்பா சிரிக்கிறாரு.”

அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“தலை சுத்துனா சுத்தட்டும் அங்கிள். இப்படியே குடுங்க.”

முன்பெல்லாம் வீடியோ கொண்டுவருகிறவர்களிடம் எந்த போனில் எடுத்தது என்று கேட்பேன். அந்த நாளுக்குப் பிறகு யார் எடுத்தது என்று முதலில் கேட்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அன்று மாலை வீட்டில், மறைந்த என் மனைவி வசந்தா எடுத்த வீடியோக்களைத் திறந்தேன். நானே தேடி வாங்கிக் கொடுத்த, ஆப்டிகல் உள்ள போன். காவிரிக்கரை, தேர், பேரனின் பிறந்தநாள். எதுவும் ஆடவில்லை, ஸ்டாண்டில் வைத்து எடுத்ததுபோல் இருந்தது. இதில் அணைத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. அவள் கை பதிவாகவே இல்லை.

சாமுண்டி மலையில் படியிறங்கும்போது எடுத்ததில் மட்டும் ஓரிடம். நான் முன்னால் போகிறேன், முதுகு தெரிகிறது. படம் ஒருமுறை தூக்கிப்போடுகிறது. லென்ஸ் சமாளிக்கும் அளவைத் தாண்டிய இடறல். அந்த முதுகு நிற்கிறது.

“ஒண்ணுமில்ல, நீங்க போங்க” என்கிறாள் வசந்தா.

முதுகு மறுபடி நடக்கிறது. படம் ஆடாமல் பின்னால் வருகிறது.