மாமா கட்டிய திருகோணமலை

திருகோணமலையை நான் முதன்முதலாகப் பார்த்தது கனடாவில், ஸ்காபரோவில், எங்கள் வீட்டு முன்முற்றத்தில். கட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. எனக்கு அப்போது எட்டு வயது. உருகிப்போகும் ஊர் ஒன்றை இவ்வளவு மும்முரமாக வேறு யாரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். மாமா ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டி, மூன்று கிழமையில் திரும்பி வந்து, மாமியை ஸ்பொன்சர் செய்துவிட்டு எங்கள் பேஸ்மெண்டில் காத்திருந்தார். இரண்டு வருடம் இழுபட்டது. கடைசியில் விசா வந்ததோ, அதுவும் பெப்ரவரியில்! "எனக்குப் பயமாக் கிடக்கு. அங்க ஒண்டும் தெரியாது, ஒருத்தரையும் தெரியாது" என்று மாமி தொலைபேசியில் சொன்னாராம். அன்றோடு மாமாவின் நித்திரை போய்விட்டது. வந்து பார்த்துவிட்டு, இந்த ஊர் எனக்கு வேண்டாம் என்று அவர் திரும்பிப் போய்விட்டால்? பாவம் மனுசன்.

"காரால இறங்கின உடன அவளுக்குத் தன்ர ஊர் தெரியவேணும்" என்றார் மாமா.

"உனக்கென்ன விசரே? அந்தப் பிள்ளைக்கு ஒரு நல்ல கோட் வாங்கி வையடா" என்றார் அம்மா.

கோட்டும் வாங்கினார், கோட்டையும் கட்டினார்.

குப்பை வண்டிக்கு வைக்கிற நீலப் பெட்டியில் பனியை அடைத்துக் கவிழ்த்தால் ஒரு கல். அடுக்கி, தண்ணீர் தெளித்து விட்டால் காலையில் இறுகிவிடும். மதில் என் தோளளவுக்கு வந்தது. அம்மா கேக்குக்கு வைத்திருந்த நீலக் கலர் முழுவதும் கரைந்து ஒரு பக்கம் கடலாகவும் மறுபக்கம் துறைமுகமாகவும் உறைந்தது. நடுவில், வீட்டுக் கதவுக்குப் போகும் பாதையை மறித்து, வளைந்த கோட்டை வாசல். "போர்த்துக்கீசன் வந்தான், ஒல்லாந்தன் வந்தான், வெள்ளைக்காரன் வந்தான். ஆர் வந்து பிடிச்சாலும் உள்ளுக்குள்ள மான் தன்ர பாட்டில மேஞ்சுகொண்டு நிக்கும்" என்று வேலைக்கு நடுவே மாமா சொல்லிக்கொண்டிருந்தார். மானுக்கு எங்கே போவது? கிறிஸ்மஸ் முடிந்து மலிவுக்குக் கிடந்த மின்விளக்கு மான்கள் மூன்றை வாங்கி வந்து மேயவிட்டார். உங்களுக்கு இன்னும் கிறிஸ்மஸ் முடியவில்லையா என்று பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி கேட்டுவிட்டுப் போனார்.

பின்னேரங்களில் யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்திருப்பேன். பனி சத்தமில்லாமல் விழும். என் மூச்சில் கண்ணாடி மங்கும். மான்கள் மஞ்சளாக எரிய, மதில் கரைந்து, கோட்டை முழுவதும் மெல்ல அசைந்து கடலுக்குள் போவதுபோல இருக்கும். அந்த ஊருக்குள் நான் நடந்து போய்விடலாம் என்று நம்பினேன். அது அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

மாமி வந்த பின்னேரமும் பனி பெய்தது. பள்ளிக்கூடத்தில் எங்களை ஒரு பழைய கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காவல்காரனையெல்லாம் காட்டியிருந்தார்கள். காவல்காரன் இல்லாமல் என்ன கோட்டை? அப்பாவின் பனி அள்ளும் சவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் விறைப்பாக நின்றேன். மாமா காரிலிருந்து சூட்கேஸை இறக்க, கைப்பையோடு மாமி முன்னால் வந்தார். மெலிந்த, வடிவான மாமி.

"நில்லுங்கோ! பையைத் திறந்து காட்டுங்கோ!" என்று கத்தினேன்.

பின்னால் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். மாமி கைப்பையைப் பனியில் வைத்தார். சிப்பைத் திறந்து, ஒரு சுவெட்டர், பனங்கட்டிப் பொட்டலம், விபூதிப் பை என்று ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். நான் கேளாமலே பாஸ்போட்டை எடுத்து நீட்டினார். பிறகு ஓரடி பின்னால் போய், கைகளை உடம்பில் படாமல் விலக்கிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நான் ஒரு சலூட் அடித்தேன்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா வெறும் செருப்போடு ஓடிவந்து மாமியை அணைத்து, வாசலால் அல்லாமல் கராஜ் வழியாக உள்ளே கூட்டிப்போனார். பிறகு குசினியில் மாமாவுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. "நீ பதினாறு வயசில வெளிக்கிட்டனி. உனக்கு அது மானும் கடலும். அவள் அங்கயே இருந்தவளடா. கோட்டைக்குள்ள இருக்கிற கோயிலுக்குப் போறதெண்டாலும் அந்த வாசலில நிண்டு, ஆமிக்காரனுக்கு எல்லாத்தையும் திறந்து காட்டிப்போட்டுத்தானே போனவள்."

"நான் யோசிக்கேல்லை அக்கா" என்றார் மாமா.

எனக்கோ இதில் என்ன பிழையென்று விளங்கவில்லை. எயார்போர்ட்டிலும்தான் பையைத் திறக்கச் சொல்கிறார்கள்.

காலையில் எழும்பிப் பார்த்தால் மாமா சவளால் கோட்டையை இடித்துக்கொண்டிருந்தார். நான் பெரிய குரலெடுத்து அழுதேன். புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு மாமி வெளியே வந்தார். மாமா மானின் வயரைப் பிடுங்கப் போனபோதுதான் மாமி வாய் திறந்தார்.

"மான் நிக்கட்டும். அதுகள் ஒருநாளும் என்னட்ட ஒண்டும் கேட்டதில்லை."

மாமா சவளை ஊன்றிக்கொண்டு நின்றார். மாமி பனியில் மெதுவாகக் கால்வைத்து இறங்கிப்போய் அவர் பக்கத்தில் நின்றார். ஊருக்குத் திரும்பிப் போகிற கதையை அதன்பிறகு ஒருவரும் எடுக்கவில்லை.

எனக்குக் கோட்டை போன கவலை ஒருநாள்தான். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் மாமியைப்பற்றிப் பெருமையாகப் புளுகினேன். பெரியவர்கள் எங்களோடு விளையாடினால் பாதி மனதோடுதான் விளையாடுவார்கள், இடையில் கள்ளச் சிரிப்பும் சிரிப்பார்கள். என் மாமி அப்படியல்ல என்றேன். காவல்காரன் விளையாட்டில் என்னென்ன செய்யவேண்டுமென்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவருக்குத் தெரியும். ஒருக்கால்கூடச் சிரிக்கவில்லை.