கறவைப் பசுவுக்கும் கிடாரத்துக்கும் இடையில்

இறந்துபோனவர்களின் சொத்தைப் பிரித்துக் கொடுப்பதில்தான் ரஞ்சினியின் சீவியம் போனது. சிட்னியில், பரமட்டாவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. யாராவது கண்ணை மூடினால் அவர் எழுதிவைத்த மரணசாதனம், அதாவது உயில், அவளுடைய மேசைக்கு வரும். வீடு, கார், வங்கிக் கணக்கு, சுவர்க்கடிகாரம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவாள். ஒரு தாய் மூத்த மகனுக்கு வீட்டை எழுதிவிட்டு இளையவனுக்குத் தேநீர்க் கோப்பைகளை மட்டும் எழுதியிருப்பாள். அதைப் படித்துவிட்டு இளையவன் தொலைபேசியில் அழுவான். ரஞ்சினி பொறுமையாகக் கேட்பாள். மற்றவர்களின் குடும்பம் என்பதால் அந்தப் பொறுமை அவளுக்குச் சுலபமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயத்தால் வந்து சேலை மாற்றுமுன்னரே மகேந்திரராஜா வாசலில் நின்றார். எழுபத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற எஞ்சினியர். நாவற்புட்டி மக்கள் ஒன்றியத்துக்குப் பல காலமாக அவர்தான் தலைவர். ரஞ்சினிக்கும் அதே நாவற்புட்டிதான் ஊர். அவளுடைய கணவர் இறந்தபோது முதலில் வந்து நின்றவர்களில் அவரும் ஒருவர். அவர் மனைவி சிவனேஸ்வரி இந்த ஞாயிறும் அவரிடம் பயத்தம் பணியாரம் கொடுத்தனுப்பியிருந்தார்.

"பிள்ளை, ஒன்றியத்துக்கு முப்பது வருசமாகுது. ஊரைப் பற்றி ஒரு புத்தகம் போடப்போறம்" என்றார். "எங்கட பூட்டன்ர பூட்டன் சந்திரசேகர உடையாரின்ர மரணசாதனம் கொழும்பில கிடந்து அம்பிட்டிருக்கு. பழைய இங்கிலீசுக் கையெழுத்து. உமக்கு உது கைவந்த கலை. ரைப் பண்ணித் தாரும்."

"அதுக்கென்ன அங்கிள், தாங்கோ" என்றாள் ரஞ்சினி. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஊருக்குக் குளம் வெட்டியவர், பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தவர் என்று சின்ன வயதில் கேள்விப்பட்ட பெயர் அது.

உடையார் இறந்தது ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளின் தொடக்கத்தில். அவர் ஓலையில் எழுதுவித்ததை நீதிமன்ற எழுத்தன் ஒருவன் ஆங்கிலத்தில் பெயர்த்து, சாய்ந்த எழுத்தில் அழகாக எழுதியிருந்தான். கோயிலுக்கு விளக்கு, குருக்களுக்கு வயல், மகளுக்குச் சீதனம் என்று முதல் பக்கங்கள் போயின. பின்னால் சொத்துப் பட்டியல் வந்தது. ரஞ்சினி அலுவலக வேகத்தில் தட்டச்சு செய்துகொண்டே போனாள்.

கறவைப் பசு இரண்டு, கன்றுகளோடு. நாகி என்னும் அடிமைப் பெண், வயது முப்பது இருக்கும். அவள் மகன் கந்தன், வயது ஒன்பது. அவள் மகள் வள்ளி, வயது ஆறு, வலது காலில் தழும்பு. பெரிய செப்புக் கிடாரம் ஒன்று.

கிடாரம் வரை தட்டச்சு செய்த பிறகுதான் அவளுடைய கை நின்றது. இத்தனை வருடப் பழக்கத்தில் விரல்கள் தம்பாட்டில் அடித்துவிட்டன. கண் திரும்பி மேலே போனது. பசுவுக்கு எதிரே ஒரு விலை, நாகிக்கு எதிரே ஒரு விலை, ஆறு வயதுப் பிள்ளைக்கு எதிரே ஒரு விலை, கிடாரத்துக்கு எதிரே ஒரு விலை. எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருந்தன.

அந்தப் பக்கத்திலும் அடுத்த பக்கத்திலுமாகப் பதினேழு பேர் இருந்தார்கள். உடையார் அவர்களையும் பங்கிட்டிருந்தார். வள்ளி மகளுக்குச் சீதனமாக வேற்றூருக்குப் போகவேண்டும். கந்தன் இரண்டாவது மகனுக்கு. நாகி, விதவை மனைவி சாகும்வரை அவளுக்கு. கட்டிலையும் அலுமாரியையும் பிரிப்பதுபோல ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் மூன்று பக்கமாகப் பிரித்து, அடியில் கையொப்பமும் வைத்திருந்தார்.

நாகியின் இருப்பிடம் இலந்தைத்தாழ்வு என்று எழுதியிருந்தது.

இலந்தைத்தாழ்வு ரஞ்சினி பிறந்து வளர்ந்த காணி. ஊரில் யாரும் யாரிடமும் நேராகச் சாதி கேட்பதில்லை. "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். இலந்தைத்தாழ்வு என்று சொன்னால், கேட்டவரின் முகத்தில் ஒரு கதவு மெல்லச் சாத்துப்படும். கேட்டவர் தண்ணீர் வேண்டாம் என்று எழும்பிவிடுவார்.

அவளுடைய தகப்பன் அருமைநாதன், தங்கள் குடும்பத்தில் முதலில் கிறிஸ்து வேதத்துக்கு வந்தவள் மரியாள் என்று சொல்வார். அதற்கு முன்னால் யார் என்று கேட்டால், "அதுக்கு முந்தி ஒண்டுமில்லை" என்று எழுந்து போய்விடுவார். ரஞ்சினி மிஷன் சபையின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளைத் தேடினாள். படமெடுத்து இணையத்தில் போட்டிருந்தார்கள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து நான்கில் அடிமை முறையைச் சட்டம் ஒழித்துச் சில வருடங்களின் பின் எழுதப்பட்ட ஒரு வரி அவளுக்காகக் காத்திருந்தது. மரியாள், முன்பெயர் வள்ளி, வயது இருபத்துமூன்று, இலந்தைத்தாழ்வில் இறந்துபோன நாகியின் மகள், தகப்பன் பெயர் தெரியாது.

அப்படியென்றால் சீதனமாகப் போன பிள்ளை வளர்ந்து, சட்டம் விட்டதும் தாயிடம் திரும்பி வந்திருக்கிறாள். வந்தபோது தாய் இல்லை. ரஞ்சினி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பட்டியலில் வேறு நாகி இல்லை. ஊரும் காணியும் ஒன்று, வயதும் பொருந்தியது. இதைவிடக் குறைந்த சாட்சியத்தில் அவள் அலுவலகத்தில் வீடுகளைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை கிராவீனில் இருந்த மகேந்திரராஜா வீட்டுக்குப் போனாள்.

"அங்கிள், சொத்துப் பட்டியலைப் பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்தனான்."

"அதில நாகி எண்டொரு மனிசி. அவ எங்கட ஆள். மரியாள் எண்டு எங்கட அப்பா சொல்லுறவர், அவவின்ர தாய்."

அவர் திடுக்கிடவில்லை. தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பிடித்தான் இருக்குமெண்டு நானும் நினைச்சனான், பிள்ளை. இலந்தைத்தாழ்வு எண்டு கிடந்தது. அதாலதான் உம்மட்டைத் தந்தனான். வேற ஆரிட்டையும் குடுத்திருந்தால் சிட்னி முழுக்கப் பரவியிருக்கும். உம்மட்டை எண்டால் உம்மோட நிண்டுடும்."

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் 'எந்தப் பக்கம்' என்ற கேள்வி கடலுக்கு அங்கால் நின்றுவிட்டது என்று ரஞ்சினி நம்பியிருந்தாள். இவர் அவளுடைய வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். கணவரின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண் கலங்கியிருக்கிறார். அந்த நேரமெல்லாம் அவள் எந்தப் பக்கம் என்பதை, இருட்டிலும் தன் வீட்டுச் சுவிச்சைத் தடவாமல் போடுகிறவனைப்போல, அவர் அறிந்துதான் இருந்திருக்கிறார்.

"புத்தகத்தில அந்தப் பக்கம் வருமோ?" என்று கேட்டாள்.

"உமக்கென்ன விசரோ? உது வெளியில வந்தால் ஆருக்கு வெட்கம்? எனக்கோ? உமக்குத்தானே!"

குசினிக்குள் இருந்து சிவனேஸ்வரி வந்து கதிரையின் பின்னால் நின்றார். "பழசுகளை ஏன் கிண்டுவான், ரஞ்சினி? அந்தக் காலத்தில எல்லாரும் ஒரு குடும்பம்மாதிரித்தானே இருந்தவை."

"குடும்பமெண்டால் ஏன் அன்ரி விலை போட்டவை?"

சிவனேஸ்வரி கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். ரஞ்சினி எழுந்து "போட்டு வாறன்" என்றாள். மரியாதை அந்த நேரத்திலும் வாயிலிருந்து தானாக வந்ததை நினைத்துக் கார் ஓடும்போது தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

மெல்பேணில், கிளென் வேவர்லியில் இருந்த தம்பி செந்தூரனிடம், புத்தக வெளியீட்டில் இதைச் சொல்லப்போகிறேன் என்று சொன்னால் அவனாவது கொதிப்பான் என்று நினைத்தாள். அவன் கொதித்தான்தான், அவள்மீது.

"அக்கா, நிரூபாவுக்குக் கலியாணம் பேசியிருக்கிறது தெரியாதே? பெடியன்ர ஆக்கள் நாங்கள் ஆரெண்டு இதுவரைக்கும் கேக்கேல்லை. சேர்ச், படிப்பு, வீடு, இவ்வளவும்தான் பாத்தவை. நீ இப்ப போய் மைக்கைப் பிடிச்சு நாங்கள் அடிமையள் எண்டு சொல்லப்போறியே?"

"அடிமையாக்கினவை வெட்கப்படட்டும், செந்தூரன்."

"உலகம் அப்பிடி இல்லை. உனக்குப் பிள்ளையில்லை. அதால உனக்கு இது லேசு."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் அவன் மகள் நிரூபாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "மாமி, ப்ளீஸ். ஆஃப்டர் த வெடிங்." ரஞ்சினி தூக்கி வளர்த்த பிள்ளை அது. அவள் அதற்குப் பதில் எழுதவில்லை.

புத்தக வெளியீடு வென்ட்வேர்த்வில்லில் ஒரு மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, மாலை எல்லாம் இருந்தன. உடையார் சாதி பேதம் பாராத வள்ளல் என்று ஒருவர் பேசினார். ரஞ்சினி பின்வரிசையில் இருந்து புத்தகத்தை விரித்தாள். மரணசாதனத்தின் முதல் பக்கங்கள் அவள் தட்டச்சு செய்து கொடுத்தபடியே அச்சாகியிருந்தன. சொத்துப் பட்டியலில் கறவைப் பசு இரண்டு, அடுத்த வரியில் செப்புக் கிடாரம். இடையில் ஒரு புள்ளிகூட விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். பதினேழு மனிதர்களை ஒரு வரி இடைவெளிகூடத் தெரியாமல் மறைக்கலாம் என்று அன்றைக்குத்தான் கண்டாள். கடைசிப் பக்கத்தில், தட்டச்சு செய்து உதவிய திருமதி ரஞ்சினிக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

சபையில் யாராவது பேச விரும்பினால் வரலாம் என்று அறிவித்தார்கள். அவள் எழுந்து போனாள். தம்பி தொலைபேசியில் சொன்னது காதில் கேட்டது. என்றாலும் கால் நிற்கவில்லை.

"உடையாரின்ர மரணசாதனத்தில இந்தப் புத்தகத்தில இல்லாத சில பேர் இருக்கினம். அவையளின்ர பேரை மட்டும் வாசிச்சுப்போட்டுப் போய் இருக்கிறன். அவையள் உடையாரின்ர அடிமையள். நாகி. நாகியின்ர மகன் கந்தன். மகள் வள்ளி. இந்த வள்ளியின்ர வழியில வந்தவள்தான் நான். மூத்தான். சின்னி..."

முன்வரிசையில் மகேந்திரராஜா திரும்பி யாருக்கோ கண்ணைக் காட்டினார். நிகழ்ச்சியை நடத்தியவர் ஓடிவந்து சிரித்தபடி மைக்கை அவள் கையிலிருந்து எடுத்தார். "அக்கா, நேரம் போட்டுது. சபையோரே, சாப்பாடு ரெடி!"

கதிரைகள் இழுபட்டன. சனம் எழுந்தது. ரஞ்சினி மைக் இல்லாமலே மிச்சப் பெயர்களை வாசித்தாள். தட்டுகளின் சத்தத்துக்குள் அவளுடைய குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. என்றாலும் பதினேழு பேரையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினாள். எவரும் அவளோடு சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் இடியப்பத்தைப் பற்றிக் கதைத்தார்கள்.

சாப்பாடு பரிமாறிய தனேஸ்வரி என்ற பெண் மட்டும் அவளுடைய தட்டுக்கு மேல் குனிந்தாள். அவளும் நாவற்புட்டிதான். எந்தப் பக்கம் என்று ரஞ்சினி கேட்டதில்லை.

"மூத்தான் எண்டு வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"அவரும் இலந்தைத்தாழ்வோ?"

"இல்லை. வண்ணாங்குளத்தடி எண்டு போட்டிருக்கு."

"எங்கட பக்கம்" என்றாள் தனேஸ்வரி மெல்ல. பிறகு கேட்காமலே இன்னொரு வடையை எடுத்து வைத்தாள். "என்னோட கதைச்சதெண்டு ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. மகன் ஒன்றியத்தின்ர கிரிக்கெட் ரீமுக்குக் கப்டன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள்.

அந்தக் கிழமைக்குள் ஒன்றியத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ரஞ்சினியின் பெயர் எடுபட்டது. நிரூபாவின் கலியாணம் குழம்பவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு விசயம் போனதா, போயும் அவர்கள் பேசாமல் விட்டார்களா, ஒருவருக்கும் தெரியாது. "இப்ப வரவேண்டாம் அக்கா, பிறகொருநாள் ஆறுதலா வா" என்று செந்தூரன் சொன்னான். மணக்கோலப் படங்களை அவள் யாரோ ஒருவரின் முகநூலில் பார்த்தாள். பிள்ளை வடிவாக இருந்தாள்.

எல்லாவற்றையும்விட அவளுக்குத் தாங்கமுடியாதிருந்தது மகேந்திரராஜாவின் மரியாதைதான். வென்ட்வேர்த்வில் கடையில் முருங்கைக்காய் தெரிவுசெய்யும்போது எதிர்ப்பட்டார். "எப்பிடிப் பிள்ளை, சுகமோ? வேலையள் எப்பிடிப் போகுது?" என்று பழைய சிரிப்போடு கேட்டார். கோபம்கூடத் தனக்குச் சமமானவர்களோடுதான் வரும்போலும். அவள் "சுகம் அங்கிள்" என்று சொல்லவில்லை. முருங்கைக்காயைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

மரணசாதனம் முழுவதையும் பதினேழு பெயர்களோடு ஒரு பொது வமிசாவளித் தளத்தில் தன் முழுப் பெயரிலேயே ஏற்றினாள். வள்ளியிலிருந்து தன்வரைக்கும் ஒவ்வொருவராக எழுதினாள். செந்தூரனுடைய பெயரையும் நிரூபாவினுடைய பெயரையும் எழுதவில்லை. அவர்கள் கேட்டதில் அவளால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு கந்தனைத் தேடத் தொடங்கினாள். சுவடிகளில் தேடிக் கொடுக்கும் ஒருவர் கொழும்பிலிருந்து பல மாதம் கழித்து ஒரு படம் அனுப்பினார். உடையாரின் இரண்டாவது மகன் நீதவானுக்கு எழுதிய விண்ணப்பம் அது. தகப்பன்வழி தனக்குச் சேர்ந்த கந்தன் என்னும் அடிமை, வயது பதினேழு, நெல்லறுவடையின்போது ஓடிவிட்டான், தேடிப்பிடித்துத் தரவேண்டும் என்று எழுதியிருந்தது. பதில் கோப்பில் இல்லை. பிடித்தார்களா, காட்டில் செத்தானா, வேறு பெயரில் எங்காவது பிழைத்தானா, ஒன்றும் தெரியாது.

அலுவலக மதிய இடைவேளையில் ரஞ்சினி அதை இரண்டு முறை படித்தாள். இதைச் சொல்வதற்கு உலகத்தில் ஒரே ஒருவன்தான் இருந்தான். செந்தூரனுக்குத் தொலைபேசி எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. படத்தை அனுப்பி, "நாகியின் மகன் ஓடிவிட்டான், தம்பி" என்று அடியில் எழுதினாள்.

அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்தது. பதில் வரவில்லை. இடைவேளை முடிந்ததும், ஒரு வாகனத்துக்காக அடிபடும் மூன்று சகோதரர்களின் கோப்பை ரஞ்சினி விரித்தாள்.