பல்லியின் பலகை

கீழ்வீட்டு அம்மா சலாமி இறைச்சித் துண்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். துண்டின் வழியே எதிர்வீட்டுச் சுவர் தெரியவில்லை. "கனமா இருக்கு" என்று கணவரின் தட்டில் போட்டுவிட்டு, அடுத்ததை இன்னும் மெலிதாகச் சீவுகிறார். கணவர் தட்டில் இப்படி ஒன்பது துண்டு சேர்ந்துவிட்டது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு மாலை, பள்ளித் தோழிகள் இருவர் வருவார்கள். அவர்களுக்காகப் பெரிய மரப்பலகை ஒன்றில் ஹாம், சாசேஜ், சீஸ், ஆலிவ், திராட்சை, ரொட்டி என்று இண்டு இடுக்கு விடாமல் அடுக்குவது இவர் வழக்கம். இந்த அடுக்குக்கு ‘ஷார்குட்டரி போர்டு’ என்று வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டாம். எலக்ட்ரீஷியனான கணவர் அதை "சர்க்யூட் போர்டு" ஆக்கிவிட்டார். பலகையும் அவர் உபயம்தான். கழற்றிப் போட்ட கதவொன்றின் பாதி. மாடியில் குடியிருக்கும் எனக்கு வெள்ளரிக்காய் நறுக்கும் உத்தியோகம்.

இவர் பல் செட் செய்பவர். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் பல் கட்டித் திருப்பி அனுப்புவார். முகம் பார்க்காத தொழில். முப்பது வருடம் ஊர் வாய்க்கெல்லாம் வேலை செய்தும், தான் செய்த பல் ஈறில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறைகூடக் கிட்டே நின்று பார்த்ததில்லை. அந்தக் குறையைக் கடைத்தெருவில் தீர்த்துக்கொள்வார். யாராவது பளிச்சென்று சிரித்தால் காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிடுவார். "நம்ம வேலைதான்" என்று முணுமுணுப்பார். யாருடையது என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். "வாய்க்குள்ள இருக்கிறது வாய்க்குள்ளயே இருக்கணும், தம்பி." தோழிகள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் பல்லி.

இந்த மாதம் அடுக்கியதில் ஏதோ கோளாறு. ரொட்டியின் ஓரங்களைச் சுற்றிலும் வெட்டி எடுத்தார். திராட்சையை ஒவ்வொன்றாகப் பிளந்து விதை நீக்கினார். வால்நட், மொறுமொறு பிஸ்கட், கெட்டி சாசேஜ் எல்லாவற்றையும் பலகையின் ஒரு கோடிக்கு நாடு கடத்தினார். மறுகோடி முழுக்கக் கொழகொழ சீஸ்.

"யாருக்கு ஆபரேஷன்?" என்றார் கணவர்.

"உங்களுக்குத்தான், வாயை மூடலைன்னா."

விஷயம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு மாதத்துக்கு முன் இவர் மேசைக்கு ஓர் அச்சு வந்திருக்கிறது. பெயர் கிடையாது, வெறும் எண். மேல் முன்பற்கள் நான்கும் இல்லை. மிச்சப் பற்களைப் பார்த்ததுமே இவருக்குப் புரிந்துவிட்டது. நாற்பது வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட வாய் தெரியாதா? தோழிகளில் ஒருத்தி, டீச்சர். படியில் விழுந்ததை யாரிடமும் மூச்சு விடாமல், ஜலதோஷம் என்று சொல்லிப் போன மாதம் வராமல் இருந்தவர். அச்சு யார் கைக்குப் போகும் என்பது டீச்சருக்குத் தெரியாது. டாக்டர் சீட்டில் "நேர் வரிசை" என்று எழுதியிருந்தார். டீச்சருக்கோ முன்பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் இம்மியளவு ஏறியிருக்கும். இவர் சீட்டை ஓரம் வைத்துவிட்டு அந்த இம்மியை அப்படியே வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார்.

தோழிகள் வந்தார்கள். இவர் டீச்சரைத் தோளைப் பிடித்துக் கொழகொழக் கோடியில் உட்கார வைத்தார். இன்னொருத்தி தையற்காரி; எதையும் கூர்ந்து பார்க்கிற கண்.

"என்னடி, அவ பக்கம் மட்டும் குழந்தைச் சாப்பாடு?" என்றவர், கெட்டி சாசேஜ் ஒன்றை எடுத்து டீச்சர் வாயருகே நீட்டினார். "இந்தா, கடி. உனக்கு இதுன்னா உயிராச்சே."

புதுப் பல், பழகுவதற்குள் இழுத்துக் கடித்தால் செட்டே சாசேஜோடு வந்துவிடும். இவர் எட்டிப் பறித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"அதுல உப்பு. அவளுக்கு பிரஷர்."

"எனக்கா? யார் சொன்னா?" என்றார் டீச்சர்.

"வரும்."

தையற்காரி விடவில்லை, வால்நட்டை நீட்டினார். "அது அலங்காரத்துக்கு, சாப்பிடக் கூடாது" என்றார் இவர், அடைத்த வாயோடு. மூன்றாவது வால்நட்டை மென்றுகொண்டிருந்த கணவர் மெல்லுவதை நிறுத்தினார்.

டீச்சர் தன் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார். ஓரம் போன ரொட்டி. விதை போன திராட்சை. பிறகு, கன்னம் உப்பி மென்றுகொண்டிருந்த தோழியைப் பார்த்தார். உதட்டுக்குள் நாக்கு முன்பல்லைத் தடவிக்கொண்டு போவது வெளியிலிருந்தே தெரிந்தது. திடீரென்று பெரிதாகச் சிரித்துவிட்டார்.

"அடிப்பாவி! டாக்டர் நேரா வைக்கிறேன்னுதான் சொன்னாரு. என் பழைய கோணல் எப்படி அச்சு அசலா வந்துச்சுன்னு பத்து நாளா கண்ணாடி முன்னாடி நிக்கிறேன். நீதானா?"

"எதுடி நீதானா?" என்றார் தையற்காரி. "என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்?"

"விழுந்துட்டேன்டி. முன்னாடி நாலும் போச்சு. இது கட்டின பல்லு." டீச்சர் விரலால் தட்டிக் காட்டினார். "கட்டினது இந்தப் பல்லி."

இவர் சாசேஜைச் சிரமப்பட்டு விழுங்கினார். எழுந்து போய்ச் சோப்புப் போட்டு இரண்டு கையையும் கழுவினார். துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். நாற்காலியை இழுத்து, முட்டியோடு முட்டி இடிக்க டீச்சர் எதிரே உட்கார்ந்து, மோவாயை இரண்டு விரலால் நிமிர்த்தினார்.

"ஆ காட்டு."