பாத்திரம் வந்த வரிசை

யுத்தம் முடிந்து தோல் விலை படுத்துக் கிடந்த வருஷம், எங்கள் ஆம்பூர்ச் சபையில் ஐக்கியத்துக்காக ஒரு கமிட்டி போட்டார்கள். நான் காரியதரிசி. தோல் மண்டியில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவன், நாலு புத்தகம் படித்தவன், யாரையும் பகைத்துக்கொள்ளாதவன். இப்படி ஓர் ஆளை எந்தக் கமிட்டியும் விடாது.

நோய் இதுதான். திருவிருந்தில் முதலில் எங்கள் ஜாதிக்காரர்கள் பீடத்தின் முன் முழங்காலிட்டு, ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்போம். நாங்கள் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் சேரிக் கிறிஸ்தவர்கள் எழுந்திருப்பார்கள். அவர்கள் வாய் வைத்த பாத்திரம் எங்கள் வாய்க்கு வரக்கூடாது. அதை அப்படிச் சொல்லமாட்டோம். தோல் நாற்றம் என்போம். ஊரே தோல் பதனிடும் சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டையிலும் ஊறிக் கிடந்தது. என் சட்டையை என் மனைவி தனி வாளியில்தான் போடுவாள்.

கமிட்டி நான்கு முறை கூடியது. யார் வீட்டில் காப்பி குடிப்பது என்று முடிவாகாததால் நான்கு முறையும் கோயிலிலேயே, காப்பி இல்லாமல். கடைசியில் பாதிரி ஐயர் பொறுமை இழந்து, உட்கார்ந்திருக்கிற வரிசைப்படி வரச் சொன்னார். அந்த ஞாயிறு முதல் மணி அடிக்குமுன்பே எங்கள் ஜனம் முன்வரிசைகளை நிரப்பிவிட்டது. கர்த்தர் நேரில் வருகிறார் என்றாலும் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கமாட்டோம். அடுத்த மாதம் பின்வரிசையிலிருந்து தொடங்கப்போவதாக ஐயர் அறிவித்தார்.

அந்தத் திருவிருந்துக்கு முந்தின நாள், மண்டியில் சுண்ணாம்புத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி என்னிடம் வந்தார். சேரிக்காரர். பத்து வருஷமாக என்னோடு ஊர்வம்பு பேசுகிறவர்.

"நாளைக்கு எங்கூட முட்டி போடுவீங்களா, ரைட்டரய்யா?"

"ஏன்யா?"

"எங்க தெரு பூரா வேற சபைக்குப் போறதா பேசிக்கினு கீறாங்க. நான்தான் புடிச்சு வெச்சிருக்கேன். உங்க ஆளுங்கள்ல ஒருத்தராச்சும் எங்க பக்கத்துல வந்து முட்டி போடுவாங்கன்னு சொல்லிட்டேன்."

"வர்றேன்" என்றேன். சனிக்கிழமைகளில் நான் தைரியசாலி.

மறுநாள் பின்வரிசை எழுந்ததும் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பாவிகள் ஆனார்கள். ஒருவருக்குத் தம்பியோடு மனஸ்தாபம். ஒப்புரவாகாமல் பந்தியில் சேரக்கூடாதாம். இன்னொருவருக்குத் திடீர் இருமல். ஜென்மத்தில் தன் தப்பை ஒத்துக்கொள்ளாத என் பெரியம்மா கண்ணை மூடி மனந்திரும்பிக்கொண்டிருந்தாள். அத்தனை தாழ்மையை ஒரே கூரையின் கீழ் நான் பார்த்ததில்லை.

மேஸ்திரி முழங்காலிட்டுத் தன் வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டிருந்தார். நான் எழுந்து போனேன். அந்தச் சில அடிகளுக்குள் என் கல்லறைக் கல்லில் என்ன எழுதலாம் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அவர் குடித்தார். ஐயர் விளிம்பைத் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். நான் உதடுகளை இறுக்கிக்கொண்டு பாத்திரத்தைச் சாய்த்து, நிமிர்த்தி, திருப்பிக் கொடுத்தேன். ஆமென் சொன்னேன். அதற்கு மட்டும் வாய் திறந்தது.

பின்னால் ஒரு பெஞ்சு நகர்ந்தது. பெரியம்மா வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தம்பிமேல் மனஸ்தாபக்காரர், பிறகு ஒவ்வொருவராக. பெரியம்மா மடக்கென்று விழுங்கியது என் காதில் விழுந்தது. ஐயர் அழுதார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்காத ஆள் இல்லை.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்தார்.

"உங்க மீசை நனையவே இல்லியே, ரைட்டரய்யா."

"இன்னாய்யா சொல்ற? தொண்டை சரியில்ல எனக்கு."

"தெருவுல நான் சொல்லல. சொன்னா எல்லாம் போய்டுவாங்க." தொட்டிப் பக்கம் நடந்துவிட்டார்.

அடுத்த திருவிருந்தில் நான் இடக்கோடியில் முழங்காலிட்டதும் அவர் வந்து என் வலப்பக்கம் அமர்ந்தார். பாத்திரம் இடப்பக்கத்திலிருந்துதான் வரும்; என் வாய் பட்ட பிறகுதான் அவருக்கு.

"இது உங்களுக்கு சவுகர்யம்" என்றார், மெதுவாக. குரலில் கோபம் இல்லை.

எழுந்து இடம் மாறியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. நான் மாறவில்லை. பாத்திரம் வந்தது, வாய் நிறையக் குடித்தேன். நல்ல ரசம். ஐயர் விளிம்பைத் துடைத்து அவரிடம் கொடுத்தார்.

அவர் தெரு இன்றும் எங்கள் சபையில்தான் இருக்கிறது. அவரும் அதே பக்கம்தான் முழங்காலிடுகிறார்.